படத்தில் நான் யார்?

(மும்பைக் கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



‘சினிமாவும் சங்கீதமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார் காரியதரிசி. நான் வித்வான் இல்லை. மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்துவிட்டு, சாயங்காலங்களில் மிருதங்கம் வாசித்தவன். செம்பூரில் பஜனை, மாட்டுங்காவில் நவராத்திரி, எப்போதாவது வரவேண்டிய வித்வானுக்கு ரயில் லேட். இப்படித்தான் எனக்கு மேடை கிடைத்தது. ‘சங்கராபரணம்’ படத்தில் சங்கர சாஸ்திரியாக நடித்த ஜே.வி. சோமயாஜுலு டெபுடி கலெக்டராக இருந்தவர். சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு ஆபீஸில் நான் காட்டிவந்த அத்தாட்சி அது ஒன்றுதான்!

ஆனால் சொல்ல வந்தது வேறு படம். 2019 பிப்ரவரியில் ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’ வெளியானது. மிருதங்கம் செய்கிறவரின் மகன் பீட்டர், வேம்பு ஐயர் என்ற வித்வானிடம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வருகிறான். பீட்டராக ஜி.வி. பிரகாஷ், ஐயராக நெடுமுடி வேணு. பேரனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இடைவேளையில் அவன் கேட்டான்: “தாத்தா, நீயும் மிருதங்கம்தானே? இதுல நீ யாரு?”

பதில் சொல்லாமல் பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விட்டேன்.

1978. நவராத்திரி. மாட்டுங்காவில் என் வாத்யாருக்குப் பதிலாக நான் வாசிப்பதாக ஏற்பாடு. இரண்டு நாள் முன்னால் சாதகம் செய்யும்போது வலந்தலை கிழிந்துவிட்டது. வாத்யார், “தாராவிக்குப் போ, திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் மூட்டுப் போடுவார்” என்றார். செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, மடியில் குழந்தையைப் போல மிருதங்கத்தை அணைத்துக்கொண்டு சந்து சந்தாக விசாரித்துப் போனேன். பத்தடிக்குப் பத்தடி ஒரு கோலி. தோல் வாசனை. நான் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

பலாக்கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமை வார். மிருதங்கம் என்றால் இவ்வளவுதான். மேடையில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். தோல் எங்கிருந்து வந்தது என்று நம் வீடுகளில் யாரும் பேசினதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். சும்மா இருக்க முடியுமா? சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் இதைப்பற்றி எழுதினார், 1934இல் விரிவாக ஆராய்ந்தார் என்று அவருக்கு லெக்சர் கொடுத்தேன். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை ஸ்வரத்தோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஒலிகள் எழும். சத்தம் வரும், ஸ்ருதி சேராது. நடுவில் அப்பும் கரணையின் கனம் அந்த ஒலிகளை 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளுக்கு இழுத்துவிடுகிறது. இதுதான் ராமன் கண்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே, “ஒரு நெல்லு எடை கூடினாலும் குரல் மாறிப்போகும் சாமி. எங்கப்பா சொல்லுவாரு” என்றார்.

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். ஸ்ருதி பார்க்க ஒரு ஆவர்த்தனம் வாசித்தார். ஆறு வருஷம் கற்றுக்கொண்ட என் கையில் வராத ‘சாப்பு’ அவர் விரலில் வந்தது. கூலியை வாங்கிக்கொண்டு, “எங்க வாசிக்கிறீங்க சாமி? ஹால்ல சத்தம் எப்படி வருதுன்னு ஒருதரம் கேக்கணும்” என்றார்.

நான், “பார்க்கலாம், சொல்லி அனுப்பறேன்” என்றேன். சொல்லி அனுப்பவில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்; அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன். கச்சேரி நன்றாக அமைந்தது. “என்ன நாதம்டா!” என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாம் குருவருள்” என்றேன். அதில் பாதிதான் நிஜம்.

உமையாள்புரம் சிவராமனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, அவருக்கு மிருதங்கம் செய்துதரும் ஜான்சனை ராஜீவ் மேனன் சந்தித்தாராம். கதை அங்கேதான் முளைத்தது. 2020இல் டி.எம். கிருஷ்ணா இந்தக் கைவினைஞர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்’ என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எனக்குத் தோன்றியதெல்லாம், அந்தக் கோலியில் ஒரு சின்னப் பையன் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தானே, அவன் என்ன ஆனான் என்பதுதான்.

படம் பார்த்த மறுவாரம் தாராவிக்குப் போனேன். சினிமாவாக இருந்தால் அந்தப் பையன் பெரிய வித்வானாகி எதிரே வந்திருப்பான். அந்த இடத்தில் தோல் பை விற்கிற கடை இருந்தது. கல்லாவில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அவர் பெயரை நான் கேட்டுவைத்துக்கொண்டதே இல்லை. பெயர் இல்லாமல் யாரை விசாரிப்பது?

இப்போது என் மிருதங்கத்துக்கு மூட்டுப் போடுகிறவர் வேறொருவர், நாற்பது வயதுக்காரர். போன நவராத்திரிக்கு அவர் வீட்டுக்கே போய், தேதி, நேரம், ஹால் எல்லாம் எழுதிக் கொடுத்து அழைத்தேன். வந்தார். முன்வரிசையில் உட்காரச் சொல்லியும் கேட்காமல் வாசல் பக்கமாக நின்றார். அரைமணி கேட்டுவிட்டு, தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார். மறுநாள் போன் செய்து எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“வலந்தலை நல்லா பேசுது சார். தொப்பியிலதான் ரவை கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டீங்க” என்றார்.