தெரிந்தெடுத்த பாடல்களும் தவறிப்போன பாடல்களும்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனன்குடா என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவன விமானத் தளமும், பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளுமே. ஆயினும், அவ்வூரில் மாவாலையும் உண்டு. புகையிரத நிலையமும் உண்டு. அவற்றை நம்பி வாழும் எளிய குடும்பங்களும் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றின் கதையோடு இன்றைய பேச்சைத் தொடங்குதல் பொருத்தமாகும்.

மாவாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். இளமையில் அவருக்குப் பாட்டென்றால் உயிர். வேலை முடிந்து வீடு திரும்பியதும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, பிடித்த பாடல்களை ஒலிநாடாவிற் பதிவு செய்வார். ஒவ்வொரு நாடாவின் உறையிலும் பாடகர் பெயரைத் தம் கையாலேயே எழுதுவார். 1990ஆம் ஆண்டிலே கலவரத்துக்கு அஞ்சிக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு நாடாப் பெட்டியைத் தூக்கக் கை இருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் இருந்தன, பெட்டி இல்லை.

பல ஆண்டுகளின் பின் அவருடைய மகன் கொழும்பிலிருந்து ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தான். ஈழத்துப் பொப்பிசையின் சிறந்த பாடல்கள் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. முதியவர் கண்களை மூடிக் கேட்டார். முடிந்ததும், “எல்லாம் நல்ல பாட்டுத்தான், தம்பி. நான் தேடின பாட்டு மட்டும் இதிலே இல்லை” என்றார்.

அந்த ஒரு சொல்லிலே, தொகுப்பு என்பதன் சிறப்பும் குறையும் ஒருங்கே அடங்கிவிட்டன.

பொப்பிசை என்பது யாது? போர்த்துக்கேயர் காலத்து ஆட்டப் பாடல்களின் வழியில் இலங்கையில் வளர்ந்தது பைலா இசை. அதன் துள்ளலோடு மேல்நாட்டுக் கிற்றாரும் கூடியது. அந்தக் கலப்பிலே தமிழ்ச் சொற்களை இசைத்துப் பாடும் முயற்சி 1960களின் பிற்பகுதியிலிருந்து வேகம் பெற்றது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியன ஊரூராக ஒலித்தன. திருகோணமலை மண்ணிலிருந்து பரமேஷ், கோணேஷ் என்னும் இருவர் எழுந்து ‘உனக்குத் தெரியுமா’ என்ற பாடலால் இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்தனர். ஏ. இ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடினார். அப்பாடல் கடல் கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. ‘சிலோன் மனோகர்’ என்று தமிழகம் அழைத்த அக்கலைஞர் 2018ஆம் ஆண்டு சனவரியிற் சென்னையிற் காலமானார்.

இனி, தொகுப்புக்கு வருவோம். ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாடல்களை மட்டும் ஒரே இசைத்தட்டில் சேர்க்கும் வழக்கத்துக்குப் பெரும் வலிமை தந்தது, 1958இல் அமெரிக்கப் பாடகர் ஜானி மாத்திஸின் பாடல்களைக் கொண்டு வெளியான தொகுப்பாகும். அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்தது. 1981இல் குயீன் என்னும் ரொக் இசைக்குழுவின் தொகுப்பு வெளியாகி, பிரித்தானியாவில் மிகுதியாக விற்ற இசைத்தொகுப்பு என்னும் பெயரைப் பெற்றது. அக்குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி சன்சிபாரில் பார்சிக் குடும்பத்திற் பிறந்து, இந்தியாவின் பஞ்சகனியிற் பள்ளிக் கல்வி பயின்றவர். பிரித்தானியப் பதிப்பிற் பதினேழு பாடல்கள் இருந்தன. ஆனால் எல்லா நாடுகளிலும் அதே பதினேழு பாடல்கள் இடம்பெறவில்லை. எந்த நாட்டில் எந்தப் பாடல் விலைபோயிற்றோ, அதற்கேற்பத் தெரிவும் மாறியது.

இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘சிறந்தவை’ என்று உறையில் அச்சிடப்படுகின்றவை பெரும்பாலும் ‘மிகுதியாக விற்றவை’ என்பதே உண்மை. விற்றது எல்லாம் சிறந்ததன்று என்று வாதிடுவது எளிது. ஆனால் அவை விற்றமையாலேயே இன்றும் கிடைக்கின்றன என்பதையும் மறுக்க இயலாது. ஆயிரம் பிரதிகளாகப் பரவிய பாடல் எங்கோ ஒரு வீட்டிலாவது பிழைத்துக் கிடக்கும். சில பிரதிகளே அச்சிடப்பட்ட பாடலோ, ஒரு வீடு எரிந்தால் அதனோடு எரிந்துவிடும்.

தமிழருக்கு இந்த உண்மை புதிதன்று. எட்டுத்தொகை நூல்கள் எட்டும் தொகுப்புகளே. அவற்றுள் பரிபாடலை நோக்குக. எழுபது பாடல்கள் கொண்டதெனக் கூறப்படும் அந்நூலில் முழுமையாக இன்று கிடைப்பவை இருபத்திரண்டே. பல பாடல்களின் கீழே இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பெயர் நின்றது; இசை மறைந்தது. பதிற்றுப்பத்திலே முதற் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை. ஏட்டைப் பேணாத வீடுகளில் எத்தனை புலவர்களின் உழைப்பு செல்லுக்கு இரையாயிற்றோ! எஞ்சியவையேனும் நமக்குக் கிட்டியமைக்கு, தொகுத்தோரும் ஏடு தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் போன்றோருமே காரணர்.

ஆதலால் தொகுப்பை இகழ வேண்டுவதில்லை. ஆனால் தொகுப்பு ஒன்றே போதும் என்று மற்றவற்றைக் கைவிடுவது பெருந்தவறு. புகழ்பெற்ற பாடலை உலகம் காக்கும். புகழ் பெறாத பாடலை வீடுதான் காக்க வேண்டும்.

சீனன்குடா முதியவரின் கதைக்குத் திரும்புவோம். இசைத்தட்டில் இல்லாத அந்தப் பாடலை அவர் ஒருநாள் திண்ணையில் இருந்து முணுமுணுத்தார். முதலடி நினைவில் இருந்தது, இடையடி இல்லை. மெட்டு மட்டும் பிசகவில்லை. பேர்த்தி கேட்டாள்: “அப்பப்பா, திரும்பவும் ஒருக்கால் பாடுங்கோ.” அவர் பாடினார். அவள் தன் கைப்பேசியிற் பதிவு செய்து, பிறநாட்டில் வாழும் உறவினருக்கு அனுப்பினாள். சில நாட்களில் அவருடைய பழைய நண்பர் ஒருவரிடமிருந்து மறுமொழி வந்தது. அவருக்கு முதலடி நினைவில்லை. ஆனால் இடையடி நினைவிருந்தது. இருவரும் தொலைபேசியிலே கூடிப் பாடலை ஒட்டிச் சேர்த்தனர். கடைசிச் சரணம் மட்டும் இன்னும் அகப்படவில்லை. பாடியவர் பெயரை இருவரும் வெவ்வேறாகச் சொல்கின்றனர். ஆயினும் பாடல் முற்றாக அழியவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு. அதிலே பழைய ஒலிநாடாக்கள் இருக்கலாம். கீறல் விழுந்த இசைத்தட்டு இருக்கலாம். உறையிற் பெயர் இல்லையெனில், அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் பற்றிய நாடாவை அவசரப்பட்டு ஓடவிடாது, அறிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்வித்துப் படியெடுங்கள். பெட்டியே இல்லாத வீட்டில் ஒரு முதியவர் இருப்பார். அவரையே ஏடெனக் கொள்ளுங்கள். அருகிலமர்ந்து, பாடச் சொல்லிக் கேளுங்கள்.