ஒரு மேசை, ஒரு பில்

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு மேசையைப் பத்தி.

போன மாசம், வீட்ல இருந்து வேலை பார்க்க நல்லதா ஒரு மேசை வாங்கலாம்னு இணையத்துல தேட ஆரம்பிச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தா, இங்கிலாந்துல யார்க்‌ஷர் பக்கம் இருக்கிற நாஸ்டெல் என்கிற மாளிகையோட நூலக அறைப் படங்களைப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். மேசை இன்னும் வாங்கலை. ஆனா ஒரு கதை கிடைச்சுது.

18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் பெரிய நிலக்காரர்கள் கிராமப்புறத்துல இந்த மாதிரி மாளிகைகள் கட்டினாங்க. அதுல நூலகம்ங்கிறது படிக்கிற இடம் மட்டும் இல்லை. வர்ற விருந்தாளிக்கு, "நான் படிச்சவன், ரசனை உள்ளவன்"னு காட்டுற இடம். மேசையை அறைக்கு நடுவுல போடுவாங்க. அதனால அது நாலு பக்கமும் அழகா இருக்கணும்.

நாஸ்டெல் மாளிகைக்கு அப்போ சொந்தக்காரர் சர் ரோலண்ட் வின். அறைகளை வடிவமைச்சவர் ராபர்ட் ஆடம். மேசை, நாற்காலி எல்லாம் தாமஸ் சிப்பண்டேல். 1767இல் சிப்பண்டேல் கொடுத்த பில் இன்னைக்கும் இருக்கு. மகோகனி மரத்துல பெரிய நூலக மேசை. ரெண்டு பக்கமும் கதவு. ஒரு பக்கம் உள்ளே இழுப்பறைகள், மறுபக்கம் தடுப்புகள். சிங்கத் தலையும் பாதமும் செதுக்கின தூண்கள். மேலே கறுப்புத் தோல். விலை 72 பவுண்டு 10 ஷில்லிங். அன்றைக்கு லண்டன்ல ஒரு நல்ல தச்சருக்கு ஒரு வருஷக் கூலிகூட அவ்வளவு வராது.

அந்த பில் ஏன் முக்கியம்? சிப்பண்டேல் தான் செய்த பொருள்ல பேர் பொறிக்கிற ஆள் இல்லை. 1754இல் தன் வடிவமைப்புகளை எல்லாம் 'டைரக்டர்'னு சுருக்கமா சொல்லப்படுற ஒரு புத்தகமா வெளியிட்டார். கிட்டத்தட்ட ஓப்பன் சோர்ஸ்னு வச்சுக்கோங்களேன். அதைப் பார்த்து யார் வேணும்னாலும் செய்யலாம், செஞ்சாங்க. அதனால, "இது நிஜமாவே அவர் பட்டறையில செஞ்சதுதானா?"ன்னு கேட்டா, பெரும்பாலும் பழைய பில்லும் கடிதமும்தான் சாட்சி. நாஸ்டெல்ல அந்த சாட்சி நிறையவே இருக்கு. அதே வீட்டுச் சமையலறைக்குக் கறி வெட்டுற எல்ம் மரக்கட்டை ஒண்ணுகூட அவர்கிட்டதான் வாங்கியிருக்காங்க. அதுக்கும் பில் இருக்கு!

கடிதங்கள்தான் இன்னும் சுவாரஸ்யம். 1766 ஜனவரியில சிப்பண்டேலோட பங்குதாரர் ஜேம்ஸ் ரானி இறந்துபோயிட்டார். தொழில்ல போட்ட பணத்தை அவர் தரப்பு திருப்பிக் கேட்குது. சிப்பண்டேலுக்கு நெருக்கடி. பணம் அனுப்பச் சொல்லி வின்னுக்கு எழுதுறார். வின்னோ, சாமான் ஏன் இன்னும் வரலைன்னு கோபப்படுறார். பெரிய மனுஷங்க கடன்லதான் வாங்குவாங்க. பணம் வர்றப்போதான் வரும்.

இதைப் படிச்சப்போ எனக்கு உடனே ஒட்டிக்கிச்சு. மூணு வருஷம் முன்னாடி ஒரு நிறுவனத்துக்கு ஃப்ரீலான்ஸா வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். நாலு மாசம், "சார், ஒரு சின்ன ரிமைண்டர்"னு மெயில் போட்டுக்கிட்டே இருந்தேன். அவங்க பதிலுக்கு இன்னும் ரெண்டு மாற்றம் கேட்டாங்க. அதனால நான் முழுசா சிப்பண்டேல் கட்சி.

அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு. பில்லோட முதல் வரியிலேயே மகோகனின்னு இருக்கே, அது இங்கிலாந்துல வளராதே?

1721இல் பிரிட்டன், தன்னோட அமெரிக்கக் காலனிகள்ல இருந்து வர்ற மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்குச்சு. ஜமைக்காவுல இருந்தும், பிறகு ஹோண்டுராஸ் வளைகுடாப் பக்கம் இருந்தும் மகோகனி வந்து குவிஞ்சுது. அதை வெட்டினவங்க, ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாக் கொண்டுவரப்பட்டவங்களும் அவங்க பிள்ளைகளும். ஹோண்டுராஸ் பக்கம் நடந்த வேலையைக் கேளுங்க. காட்டுல மகோகனி கூட்டமா நிக்காது, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான். அதனால ஒருத்தர் உயரமான மரத்துல ஏறி, இலை நிறத்தை வச்சு அது எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அடிமரம் வேரோட புடைச்சு இருக்கும். அதனால ஆள் உயரத்துக்கு மேல பரண் கட்டி, அதுல நின்னு கோடாலியால வெட்டணும். அப்புறம் மாடு பூட்டி ஆத்துக்கு இழுத்துட்டு வந்து, வெள்ளம் வர்றப்போ மிதக்கவிடணும்.

அந்த இலை நிறத்தைத் தெரிஞ்சவரோட திறமை, சிங்கத் தலை செதுக்கினவர் திறமைக்கு எந்த விதத்துல குறைச்சல்? சிப்பண்டேலுக்குப் பணம் லேட்டா வந்துச்சு. இவங்களுக்குக் கூலியே கிடையாது. பில்லுல பேர் வர்ற பேச்சுக்கே இடம் இல்லை. சிங்கம் செதுக்கின பட்டறை ஆள் பேருகூட அதுல இல்லை.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் சங்கடமாயிடுச்சு. அடிமைத்தனத்தோட என் கதையை ஒப்பிடவே முடியாது, ஒப்பிடவும் மாட்டேன். ஆனா பில்லைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துச்சு. அந்த வெப்சைட்டோட முகப்பை டிசைன் பண்ணது நான் இல்லை, என் காலேஜ் ஜூனியர் ஒரு தம்பி. என் இன்வாய்ஸ்ல அவன் பேர் இல்லை. எனக்குப் பணம் வந்தப்புறம்தான் அவனுக்குக் கொடுத்தேன். நான் நாலு மாசம் புலம்பினேன். அவனும் அதே நாலு மாசம் காத்திருந்தான், ஒரு ரிமைண்டர்கூடப் போடாம. என்னோட போர்ட்ஃபோலியோ பக்கத்துல இன்னைக்கு வரைக்கும் அந்த வேலை என் பேர்ல மட்டும்தான் இருந்துச்சு.

நேத்து அவனுக்குப் போன் பண்ணி சாரி சொன்னேன். பக்கத்துல அவன் பேரையும் சேர்த்துட்டேன். "அண்ணா, இதை இப்பவா ஞாபகம் வருது?"ன்னு சிரிச்சான். நியாயமான கேள்வி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள ஒரு மேசையும் வாங்கிடுறேன்.