வாடிய மிளகாய்ச் செடி

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறோம். மொட்டை மாடித் தொட்டியில் மிளகாய்ச் செடி இலையெல்லாம் தொங்கி, பூ உதிர்ந்து நிற்கிறது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறோம். அடித்துளை வழியே தண்ணீர் வெளியே ஓடுகிறது. மண் நனைந்துவிட்டது என்று கீழே இறங்கிவிடுகிறோம். மறுநாளும் செடி எழவில்லை.

ஏன் தெரியுமா? ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போகவே இல்லை. காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகி நிற்கும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிப் போய்விடும். நடுவில் வேர் இருக்கும் மண்கட்டி உலர்ந்தபடியே கிடக்கும்.

ஆகவே முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்ளே ஈரம் இல்லை. அடுத்து, தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, சுள்ளிபோல் இருந்தால் இன்னும் கீழே கீறிப் பார்க்கலாம். மண்மட்டம் வரை பச்சையே இல்லை என்றால் பிழைப்பது அரிது.

உயிர் இருக்கும் செடிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள். அகலமான ஒரு தொட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, செடித் தொட்டியை அதில் அரை மணி நேரம் வையுங்கள். அடித்துளை வழியே மண் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் ஈரமானதும் வெளியே எடுத்து, மிச்சத் தண்ணீர் வடியவிடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டியா? குச்சியால் மண்ணில் அங்கங்கே துளையிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு குவளையாக, நிதானமாக ஊற்றுங்கள்.

பிறகு செடியைச் சில நாள் நிழலில் வையுங்கள். பூவையும் காயையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் இப்போது செடியின் சக்தி வேருக்கும் தளிருக்கும் போகவேண்டும். உரம் வேண்டாம். உலர்ந்த வேரைச் சுற்றி உப்புச் சத்து கூடினால் வேர் நீரை இழுக்கத் திணறும், கருகவும் கூடும். துளிர் வந்த பிறகு மண்புழு உரம் கொஞ்சம் போடலாம். எந்தக் கிளை செத்தது என்பதும் அப்போதுதான் தெரியும். செத்த கிளையைத் துளிருக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உச்சி வெயிலில் மட்டும் துவண்டு, மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். மாலையிலும் நிமிராவிட்டால் வேர் அழுகியிருக்கலாம், அல்லது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் நீரில் அசையாமல் பிடியுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால்போல வெண்ணிற இழை இறங்கினால் அது வாடல் நோய்தான். அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள். அதே மண்ணில் தக்காளி, கத்தரி வைக்காதீர்கள். அவையும் மிளகாயின் குடும்பம்தான், நோய் தொற்றும்.

இனிச் செடி வாடாமல் காப்பது எப்படி? ராமநாதபுரத்து முண்டு மிளகாய் மழையை நம்பியே விளைகிறது. வயலில் வேர் ஈரத்தைத் தேடிப் பரவ இடம் இருக்கிறது. தொட்டியில் நாம் கொடுப்பதுதான் ஈரம்; போதாக்குறைக்குத் தளத்தின் சூடு வேறு. அதனால் தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மண்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மிளகாய் ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செடி அல்ல. உறைபனி இல்லாத நம் ஊரில் சில ஆண்டுகள்கூட நின்று காய்க்கும். அதனால் தூக்கி எறியும் முன் அந்தத் தண்டை ஒருமுறை கீறிப் பார்த்துவிடுங்கள்.