இளையோர் நோயும் இல்லத்தார் கடனும்



ஆசாரியர் சமந்தபத்திரரைப் பஸ்மக நோய் பற்றிய வரலாறு அவையோர் அறிந்ததே. எவ்வளவு உண்டாலும் ஆறாத பசி அது. துறவு நெறிக்கு இழுக்கு நேருமுன் சல்லேகனை ஏற்க அவர் குருவிடம் விடை வேண்டினார். குரு இசையவில்லை. அவரால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதி. ஆதலின் நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார் என்பது மரபு. அவர் அருளிய இரத்தினகரண்டகத்தின் வழிவந்ததே தமிழர் ஓதும் அருங்கலச்செப்பு. குரு சொன்ன காரணத்தில் அச்சுறுத்தல் இல்லை; எதிர்காலம் இருந்தது.

முதல்வகை நீரிழிவு கண்ட பதினாறு வயதுப் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு இடர் நேரும். இது இனிப்பு மிகுதியாக உண்டதனால் வந்த நோயன்று. முன்வினைப் பயன் என்று அவள் செவிபடப் பேசுவதோ பெருங்கொடுமை. வினைக்கொள்கை பிறரைச் சுடுவதற்காக உரைக்கப்பட்டதன்று. விலங்கின் கணையத்திலிருந்து எடுக்கும் மருந்தாயிற்றே என்று முதியோர் சிலர் தயங்குவர். 1922-இல் டொரண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் செலுத்தியது அத்தகையதே. ஆயின் 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கும் மனித இன்சுலின் வழக்கிற்கு வந்துவிட்டது.

வேளைதோறும் "ஊசி போட்டாயா?" என்று வீடே வினவினால், "போட்டேன்" என்னும் ஒரு சொல்லை அப்பெண் கற்றுக்கொள்வாள். குறிப்பேட்டில் இல்லாத அளவுகளும் ஏறும். பொய்யுரைக்கிறாள் என்று சினப்பதற்குமுன், மெய்யுரைத்த நாளில் அவளுக்குக் கிடைத்தது என்ன என்று பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரத்தச் சர்க்கரை 250 என்றால், "என்ன தின்றாய்?" என்பது விசாரணை, "இதற்கு இப்போது என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்பது துணை. மருத்துவரோடு அவள் தனித்துப் பேசச் சிறிது நேரம் விடுதலும் நன்று. குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுகையில் நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. அருகிருந்து உதவுவோர் இறுதியிலேயே வருகின்றனர்.

இரவுண்ணாமை பற்றியும் ஒரு சொல். நள்ளிரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ நீரில் கரைத்துப் பருக வேண்டும். கால்மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். விலக்கப்பட்ட தேன் இதற்குத் தேவையே இல்லை. நோன்பு நாளிலும் மருத்துவரைக் கேளாமல் ஊசியை விடலாகாது.

அநந்த சதுர்த்தசியன்று வீட்டார் அனைவரும் உபவாசம் இருக்கையில், தான் மட்டும் உண்ண அப்பெண் கூசுவாள். அன்று உபவாசமிருக்கும் பாட்டியே இலையிட்டு, அவள் கூடத்திலேயே ஊசி போட்டு முடிக்கும்வரை அருகிருந்து, பிறகு பரிமாறட்டும்.