ஒரு கேள்வி கேட்டிருந்தால்...

(செந்தூலில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செந்தூல் என்றதும் மூத்த தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அந்தப் பட்டறையை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. அந்தக் காலத்து இரயில்வேயில் ஒரு வேலை இருந்தது. வண்டி நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலோடு வருவார். ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரத்தின் ஒலி மழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத குற்றத்தைக் காட்டிக் கொடுப்பது அந்த ஒரு தட்டு. பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் போய்விட்டால், ஒரு வண்டி நிறைய உயிர்கள் போகும்.

அப்படித் தட்டிப் பார்க்க மறந்த ஒரு மனிதனைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவன் சிலப்பதிகாரத்தில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன்.

நம் மேடைகளில் கண்ணகியைப் பேசுவோம், மாதவியைப் பேசுவோம், கோவலனைத் திட்டுவோம். பாண்டியனை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிடுவோம். ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு அதிகப் பாடம் சொல்பவன் அவன்தான். ஏனென்றால், அவன் கெட்டவன் அல்லன். நம்மைப் போல அவசரப்பட்ட ஒரு நல்லவன்.

அன்று அரண்மனையில் என்ன நடந்தது? ஆடல் மகளிரின் கூத்தை அரசன் ரசித்துப் பார்த்தான். அரசிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் விரைந்து கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து காலில் விழுந்தான். காணாமல் போன சிலம்போடு கள்வன் தன் குடிசையருகே இருக்கிறான் என்றான். அரசன் நின்று யோசிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

இங்கே முதல் பாடம். மனம் வேறெங்கோ இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதே.

நம் வீடுகளிலும் இது நடக்கிறதா இல்லையா? அப்பா வேலை முடிந்து களைத்து வருகிறார். வாசலிலேயே கரண்டு பில் பற்றி அம்மாவோடு வாக்குவாதம். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், “உங்க பையனை அந்தப் பசங்களோட பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையன் உள்ளே வந்ததும் கன்னத்தில் அறை. அவன் நண்பனின் தங்கச்சியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருக்கலாம். யார் கேட்டார்கள்?

இரண்டாவது பாடம். சொல்பவன் யார் என்று பார். அரண்மனைச் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். கோவலன் மாட்டினால் அவன் தப்புவான். குற்றம் சொல்ல வருபவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று அரசன் ஒரு நிமிடம் நினைத்திருந்தால் கதையே வேறு. கோவலனை நேரில் பார்த்த காவலர், இவன் முகத்தில் கள்வன் குறி இல்லையே என்று தயங்கவும் செய்தார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைத்தான். கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசினான். தயங்கியவர்கள் வாய் திறந்து அரசனிடம் திரும்பிப் போகவில்லை. அதுவும் குற்றம்தான்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது. “சிலம்புக்குள் என்ன பரல்?” அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கொல்லும் முன் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைக் கொன்ற பிறகுதான் கண்ணகி எழுப்பினாள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம், தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டது. மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் அந்தக் காரில் இருந்தார்கள். வழியில் குழந்தைகளைப் பார்த்த ஒரு மூதாட்டி ஆசையோடு சாக்லெட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று கைத்தொலைபேசிகளில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரார் திரண்டு அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். உடன் போனவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் முன்னே வந்து, “நீங்க யாரும்மா, எங்கே போறீங்க?” என்று கேட்டு, பதிலை நிதானமாகக் கேட்டிருந்தால், கோயிலுக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர்ந்து அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக அறிவித்தது. 2019இல் அது உலகம் முழுவதும் வந்தது. விரலுக்குப் பூட்டுப் போடலாம். மனத்துக்கு நாமேதான் போட வேண்டும்.

நேயர்களே, பாண்டியன் கதை இத்தோடு முடியவில்லை. நான்காவது பாடம் பாக்கி. கண்ணகி அவைக்கு வந்தபோது அவன் நினைத்திருந்தால் வாயிலிலேயே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, உள்ளே அழைத்தான். எங்கள் சிலம்பிலும் மாணிக்கம்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, முத்து என்று உண்மையைச் சொன்னான். சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைத்தான். அவள் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பொற்கொல்லன் மேலோ காவலர் மேலோ அவன் பழி போடவில்லை. அரசன் என்ற பெயருக்கே தனக்குத் தகுதியில்லை, கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு உயிர் விட்டான்.

அதனால்தான் இளங்கோவடிகள், காப்பியத்தின் கடைசிப் பகுதியில், தெய்வமாகிவிட்ட கண்ணகியின் வாயாலேயே பாண்டியன் குற்றமற்றவன், தான் அவனுடைய மகள் என்று சொல்ல வைக்கிறார். கணவனைக் கொன்றவனை அவள் தந்தை என்கிறாள்! தவற்றை ஒப்புக்கொண்ட மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது?

நாம் உயிரை விட வேண்டாம். பிள்ளையிடம், மனைவியிடம், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம், “தப்பு என் மேலதான், மன்னிச்சிடு” என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கே நம்மில் பலருக்கு நாக்கு வருவதில்லை. பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் கௌரவம் போய்விடும் என்று பயம். கேட்டதால்தான் பாண்டியனுடைய கௌரவம் மிஞ்சியது.

செந்தூல் பட்டறையின் பெரும்புகழ்க் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சுத்தியல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். யார் மேலாவது குற்றம் வந்தால், நம்புவதற்கு முன் ஒரு முறை தட்டிப் பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். வண்டி பிறகு கிளம்பட்டும்.