ஆறாம் வகுப்புக்குப் போனா பசி போயிடுமா?

(2025 செப்டம்பர், ஊட்டச்சத்து மாதத்தையொட்டி காரைக்குடியில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுதாகப் படியுங்கள், பகிருங்கள்.)



செட்டிநாட்டுல வந்து சாப்பாட்டைப் பத்திப் பேசுறது, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். கானாடுகாத்தான்லயும் ஆத்தங்குடியிலயும் ஊரையே உட்கார வச்சு பந்தி போட்ட வீடுகள் இருக்கு. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசின்னு சொன்னா உலகத்துக்கே தெரியும். நான் பேச வந்தது அந்தப் பந்தியைப் பத்தி இல்லை. அதே ஊர்ல காலையில ஏழரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற ஒரு பெண் பிள்ளையோட வயித்தைப் பத்தி.

இங்க வர்றப்ப ஒரு அக்கா என்கிட்ட சொன்னாங்க: "என் மக அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே காலையில பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. நானும் நிம்மதியா வேலைக்குப் போனேன். இப்ப ஆறாவது. ஒரு டீ, ரெண்டு பொறை, அதோட பஸ் ஏறிடுறா. மத்தியானம் சத்துணவு வர்ற வரைக்கும் அவ்வளவுதான்." இது அந்த அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை. புதுவயல் ரைஸ் மில்லுக்குப் போற வீட்டுலயும், சித்தாள் வேலைக்குப் போற வீட்டுலயும் கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்வாங்க.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில தொடங்குச்சு. 2023-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. 2024-ல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள், போன மாசம் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள். நல்ல திட்டம். நல்லதை நல்லதுன்னு சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. ஆனா அது அஞ்சாம் வகுப்போட நிக்குது.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், கவனமா கேளுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேணும்னு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் ஒரு அளவு கொடுத்திருக்கு. 7 முதல் 9 வயது வரை 15 மில்லிகிராம். 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு 28. 13 முதல் 15 வயது வரை 30. ஏறக்குறைய ரெண்டு மடங்கு! உடம்பு வளர்ற வயசு, வயசுக்கு வர்ற வயசு, மாசாமாசம் ரத்தம் போற வயசு. எந்த வயசுல தேவை ரெண்டு மடங்கு ஆகுதோ, அதே வயசுல காலைத் தட்டை எடுத்துடுறோம். இது என்ன நியாயம்?

இதோட விளைவு என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது: தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 5 வயசுக்குட்பட்ட பிள்ளைகள்ல நூத்துக்கு 57 பேருக்கு. சோகை பிடிச்ச பொண்ணு நாளைக்குத் தாயாகும்போது பிள்ளையும் எடை குறைஞ்சு பிறக்க வாய்ப்பு அதிகம். ஒரு தலைமுறையோட பசி அடுத்த தலைமுறைக்குப் போகுது.

"நிதி எங்கே?"ன்னு கேட்பாங்க. இந்தக் கேள்வி நமக்குப் புதுசா? 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில சோறு போட்டப்பவும், 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தப்பவும் கேட்டாங்க. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினப்ப, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. ரெண்டே வருஷத்துல, 1984-ல், பத்தாம் வகுப்பு வரைக்கும் விரிச்சாங்க. 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு கலைஞர் தொடங்கின முட்டை, 2010-ல் வாரத்துக்கு அஞ்சு ஆச்சு. ஆட்சி மாறினாலும் தட்டு சுருங்கல, பெருசாத்தான் ஆச்சு. அதுதான் தமிழ்நாடு.

அன்னைக்கு மதியச் சாப்பாடு ரெண்டு வருஷத்துல பத்தாவது வரைக்கும் போச்சு. காலைச் சாப்பாடு மூணு வருஷம் ஆகியும் அஞ்சாவதைத் தாண்டல. அதனால நம்ம கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: காலை உணவை 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை விரிவாக்கு!

அரசாங்கத்துக்கிட்ட கேட்கிறோம், சரி. வீட்டுல நாம செய்ய வேண்டியதும் இருக்கு. நம்மது வானம் பார்த்த பூமி. கம்பும் கேழ்வரகும் நமக்குப் புதுசு இல்லை. கொல்லையில முருங்கை நிக்குது. கீரையோ பயறோ சாப்பிடும்போது கூடவே ஒரு நெல்லிக்காய், இல்லைன்னா கொஞ்சம் எலுமிச்சை. அப்பத்தான் அந்த இரும்பு உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, அது ஒட்ட விடாது. ஒரு மணி நேரம் போகட்டும். கறி எடுக்கிற வீடுன்னா சுவரொட்டியைக் கேட்டு வாங்குங்க. பள்ளியில கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை முழுங்குதா, பையில போட்டுக்கிட்டு வருதான்னு பாருங்க. சாயங்காலம் அஞ்சு ரூபா, பத்து ரூபா பாக்கெட்டுக்குப் பதிலா ஒரு கை சுண்டல் போதும்.

அப்புறம் ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு முதல்ல, அண்ணனுக்கு அடுத்து, சட்டி காலியான பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும்னு இருக்கிற வழக்கத்தை இன்னைக்கு ராத்திரியோட நிறுத்துங்க. எல்லாரும் ஒண்ணா உட்காருங்க. முட்டை ஒண்ணுதான் இருக்குன்னா பாதி மகளுக்கு. சமத்துவத்தை மேடையில மட்டும் பேசினா போதாது தம்பி, அடுப்படியிலயும் இருக்கணும்.

தாய்மார்களே, அடுத்த கிராம சபை வருது. சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல இருந்து வந்திருக்கிற ஒவ்வொருத்தரும் அன்னைக்குப் போங்க. உங்க பஞ்சாயத்துல ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேர், அதுல காலையில சாப்பிடாமப் போறவங்க எத்தனை பேர்னு கணக்கெடுத்துக்கிட்டுப் போங்க. எழுந்து நின்னு படிங்க. தீர்மானமாப் பதிவு பண்ணச் சொல்லுங்க. பதிவு பண்ற வரைக்கும் உட்காராதீங்க.

ஊருக்கே பந்தி போட்ட மண்ணுல, பள்ளிக்கூடம் போற ஒரு பொண்ணு வெறும் வயித்தோட பஸ் ஏறக் கூடாது.



#காலைஉணவு_பத்தாம்வகுப்புவரை