கணவனைச் சுட்ட கை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்ட படம் இன்னதென்று சொன்னால் அந்தக் கேள்வி பாதி அடங்கிவிடும். 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்'. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வருபவரும் அவரே. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் கணவன் மனைவியாக நடித்தார்கள்.

நம் புத்தளக் கரையோரத்தில், கற்பிட்டி முதல் சிலாபம் வரை, பழைய தமிழ்ப் படங்களை அறிந்தவர்களில் பலர் அவற்றை முதலில் காதால் அறிந்தவர்கள். வாடியிலும் தேநீர்க் கடையிலும் இலங்கை வானொலி பாடியது. பாட்டைக் கேட்டோம், பிறகு படத்தைத் தேடினோம். 'அந்த நாள்' படத்திலோ ஒரு பாட்டுக்கூட இல்லை. நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வானொலி தூக்கிக்கொண்டு வர அதில் எதுவுமே இல்லாததால், அது பலருக்குப் பெயரளவிலேயே தெரிந்த படமாகிப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதன் கதையே வானொலியைச் சுற்றியதுதான்.

கதை நடக்கும் காலம் 1943 ஒக்டோபர். சென்னையின் மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாட்கள். படம் தொடங்கியதும் ஒரு வேட்டுச் சத்தம். ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு விழுகிறான். கதாநாயகன் முதல் காட்சியிலேயே செத்துப் போகிறான்! சிவாஜியைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வெளியீட்டில் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஆண்டுக்கான இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படங்களுள் நற்சான்றிதழ் பெற்றவற்றில் இதுவும் ஒன்று.

யுத்தகாலப் பின்னணி நமக்கு அந்நியமானதல்ல. சென்னைக்கு முந்திக் குண்டு விழுந்தது இலங்கையில்தான். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு, 9இல் திருகோணமலை. புத்தளத்திலும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் ஒன்று அமைந்திருந்தது. அங்கே விமானத்தை யானை கட்டி இழுக்கும் புகைப்படங்களை யுத்த வரலாற்று நூல்களில் இன்றும் காணலாம். எதிரிக்கு வானொலி வழியே இரகசியம் அனுப்புகிறவன் என்றால் எத்தகைய பயம் ஊரைப் பிடித்திருக்கும் என்பதை இந்தக் கரை நன்றாகவே அறியும்.

ராஜனைக் கொன்றது யார்? விசாரணை தொடங்குகிறது. அயல்வீட்டுக்காரர் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜம், மனைவி உஷா. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் ராஜனுக்கு வேறு முகம். குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950இல் கையாண்ட உத்தி இது. பாலசந்தர் அதைப் பார்த்து உந்துதல் பெற்றவர். ஆயினும் ராஷோமோனில் உண்மை கடைசிவரை நழுவிக்கொண்டே இருக்கிறது. இங்கே உண்மை தெரிந்துவிடுகிறது. அதனால் இது ஒரு படி கீழானது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொன்றவர் யார் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் படத்தின் உண்மையான சிக்கல் ஆரம்பமாகிறது. படம் பார்க்காத நேயர்கள் பொறுத்தருள வேண்டும், முடிவைச் சொல்லாமல் நான் மேலே பேச இயலாது. ராஜனைச் சுட்ட துப்பாக்கி அவன் மனைவி உஷாவின் கையில் இருந்தது.

இந்த வகைப் படங்கள் அமெரிக்காவில் நாற்பதுகளில் பெருகின. கறுப்பு வெள்ளைப் படம், இரவு, சுவரில் நீளும் நிழல், குற்றம் செய்த ஒரு வீடு. பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' 1944இல் வந்தது. அதில் மனைவி காப்புறுதி முகவரோடு சேர்ந்து, காப்புறுதிப் பணத்துக்காகக் கணவனைக் கொல்கிறாள். அந்த வகைப் படங்கள் பலவற்றில் வஞ்சகம் பெண்ணின் பக்கம், அழகு அவளுடைய ஆயுதம், ஏமாறுகிறவன் ஆண். பாலசந்தர் நிழலை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். மாருதி ராவின் ஒளிப்பதிவு அந்த நிழலை நம்மூர் வீட்டுச் சுவர்களில் அழகாகவே விழச் செய்தது. வஞ்சகத்தை மட்டும் அவர் இடம் மாற்றி வைத்தார். இங்கே துரோகி கணவன். மனைவிக்கும் துரோகி, நாட்டுக்கும் துரோகி. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் எதிரியிடம் விலைபோனவன். சிவாஜி இதை ஒரு வில்லனாக நடிக்கவில்லை. படித்த, கெட்டிக்கார, நியாயம் பேசத் தெரிந்த ஒருவனாக நடித்திருக்கிறார். ராஜன் வாதாடும்போது ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அதுதான் பயங்கரம்.

இனி நான் கேட்க விரும்பும் கேள்வி. ராஜன் செய்தவை இரண்டு துரோகங்கள். அம்புஜத்தோடு வைத்த உறவுக்காக உஷா அவனைச் சுட்டிருந்தால், 1954இன் தமிழ்த் திரையுலகம் அவளை மன்னித்திருக்குமா? ஒருபோதும் இல்லை. அவள் கொலைகாரி, அவ்வளவுதான். கணவன் தேசத்துரோகியான பிறகுதான் அவனை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை அவளுக்குக் கிடைக்கிறது. அவளுடைய சொந்தக் காயத்துக்கு அந்தப் படத்தில் நீதிமன்றமே இல்லை. நாட்டின் காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் கதவு திறக்கிறது. இறுதிப் பகுதியில் தேசபக்தி வசனங்கள் சற்று அதிகமாகவே நீளுகின்றன. அது வெறும் பிரசாரம் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். ஒரு மனைவியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்ட கதாசிரியர் அதற்குக் கட்டும் வரி அது என்றே எனக்குப் படுகிறது.

நம் பெருங்காப்பியம் இதை வேறுவிதமாகத் தீர்த்தது. மாதவியிடம் போன கோவலனைக் கண்ணகி கேள்வி கேட்கவில்லை, சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவளுடைய கோபம் முழுவதும் பாண்டியன் மீதும் மதுரை மீதும் போயிற்று. வீட்டுக்குள் எரிந்திருக்க வேண்டிய தீ ஊரை எரித்தது.

ஆனால் நம் கரையில் கண்ணகிக்கு அப்பால் இன்னொருத்தியும் இருக்கிறாள். உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் அங்கே பக்தர்கள் தீமிதிக்கிறார்கள். அவள் யார்? கட்டிய கணவனாலேயே சூதில் பணயம் வைக்கப்பட்டவள். கற்பைப் பற்றி எவ்வளவோ பேசும் நாம், அவள் சபையை நோக்கி எழுப்பிய வினாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் கணவர் தம்மைத் தோற்றபின் என்னைப் பணயம் வைத்தாரா, அல்லது அதற்கு முன்னரா? தன்னையே இழந்த ஒருவனுக்கு மனைவி மீது என்ன உரிமை மிஞ்சும்? பீஷ்மர்கூடத் திணறிய வினா அது. பாரதம் அதற்கு நேரடியான பதில் சொல்லவில்லை.

உஷா கண்ணகியின் வழியில் வந்தவள் என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அவள் திரௌபதைக்கு நெருங்கியவளாகத் தெரிகிறாள். தன்னை எதிரிக்கு விற்றுவிட்ட ராஜனுக்குத் தன் மீது என்ன உரிமை என்பதே அவளுடைய உள்ளத்திலும் ஓடும் வினா. ஒரு வித்தியாசம், திரௌபதைக்குக் கேட்பதற்குச் சபை இருந்தது. உஷா நாலு சுவருக்குள் தனியே நின்றாள். மன்றாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை.

பண்டரிபாயைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னட நாட்டிலிருந்து வந்தவர். 'பராசக்தி'யிலும் சிவாஜிக்கு ஜோடி. பிற்காலத்தில் அவரை அம்மா வேடங்களிலேயே வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். உஷாவாக அவரைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நஷ்டமாகவே தோன்றும். பாலசந்தரும் பிறகு 'பொம்மை', 'நடு இரவில்' என்று சில மர்மப் படங்களை எடுத்துவிட்டு வீணையோடு போய்விட்டார். 1990இல் காலமானார். பாட்டில்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தவர் ஒரு சங்கீதக்காரர் என்பது சும்மா வந்த பொருத்தமல்ல. எந்த இடத்தில் வாசிக்காமல் விட வேண்டும் என்பது வீணைக்காரருக்குத்தான் தெரியும்.

வாய்ப்புக் கிடைத்தால் படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை, விசாரணைக்கு வரும் அதிகாரிகளுக்கு வாய் திறக்க முடியாமல் துயரத்தில் அமர்ந்திருக்கும் உஷாவைப் பார்த்து இரங்குவீர்கள், கணவனைப் பறிகொடுத்த பெண் என்று. சந்தேகம் அவள் பக்கம் போகாது. இரண்டாம் முறை அதே முகம், அதே கண்ணீர், ஒரு துளிகூட மாறாமல். அவள் நடிக்கவில்லை என்பதும் அப்போது தெரியும்.